கேக்கைப் பிடி

அந்தப் பையனுக்குப் பதினொரு வயது.
நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை.
ஆடும் பல் ஒன்றை நாக்கால் நெம்பியபடியே
என் ராணியை வெட்டினான்.
முப்பத்து நான்காம் நகர்வில் கைகொடுத்தேன்.
அவன் கையில் ஜாம் பிசுபிசுத்தது.

ஏழு வயதிலிருந்து எனக்கு ஓர் எண் உண்டு.
வனாட்ஸோரில் ரொட்டிக்கடைக்காரருக்கும் அது தெரியும்.
"ஷுஷானிக், இப்ப எவ்வளவு?"
காய்ச்சல் விசாரிப்பதுபோல் கேட்பார்.
ஏறியிருந்தால் ஒரு ரொட்டி கூடுதல்.
இறங்கியிருந்தால்,
"பரவாயில்லை" என்று ஒரு ரொட்டி கூடுதல்.
அந்த ரொட்டிதான் தொண்டையில் இறங்காது.
நான் யாரென்று எண்ணினால்
எண்தான் வந்து நிற்கும்.
அது இல்லாத என்னை
எந்தத் தெருவிலும் சந்தித்ததில்லை.

மினிபஸ்ஸில் கடைசி இருக்கை.
பதினேழாம் நகர்வில் குதிரையை எடுத்திருக்கலாம்.
எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்,
அபரான் தாண்டும்வரை.

ஸ்பிதாக் கணவாயில் பனி.
சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை.
"இறங்கித் தள்ளுங்க" என்றார் ஓட்டுநர் ஹ்ராச்சிக்.
லீவில் போகும் சிப்பாய் இறங்கினான், நிஜச் சிப்பாய்.
பக்கத்து இருக்கை ஹைகனுஷ்,
வெல்டிங் வேலை செய்பவள்,
என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள்.
"நீ தள்ளி ஒண்ணும் ஆகப்போறதில்லை. இதைப் பிடி."

மடியில் வந்து உட்கார்ந்தது
அவள் தம்பியின் கல்யாணக் கேக்.
மூன்றடுக்கு.

வண்டி குலுங்கியபோதெல்லாம் கேக் சாய்ந்தது.
நானும் சாய்ந்தேன்.
கணக்குப் போட்டேன்: அடுத்த குலுக்கல் இடப்பக்கம்.
தப்பு.
கட்டைவிரல் இரண்டாம் அடுக்குக்குள் போயிருந்தது,
முழுசாக.

இமையில் பனியோடு ஏறிய ஹைகனுஷ்
பள்ளத்தைப் பார்த்தாள்.
மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்,
தோற்ற அன்றெல்லாம்
அம்மாவிடம், பயிற்சியாளரிடம், ரொட்டிக்கடையில்
கேட்கிற அதே மன்னிப்பு, அதே வரிசையில்.
"விரலைச் சப்பு, வீணாப் போகுது" என்றாள்.
பையிலிருந்து ஓர் உலர்ந்த ஆப்ரிகாட்டை எடுத்து
பள்ளத்தில் வைத்து அழுத்தினாள்.
யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க
எதிர்ப்பக்கமும் ஒன்று.

அப்புறம்தான் கேட்டாள்,
"ஆமா, நீ என்ன பண்றே?"
நாக்கு நுனிவரை வந்துவிட்டது எண்.
அங்கே ஏற்கெனவே க்ரீம் இருந்தது.
"கேக் பிடிக்கிறேன்" என்றேன்.
"சுமாராத்தான் பிடிக்கிறே" என்றாள்,
திரும்ப வாங்கிக்கொள்ளாமலே
தூங்கிப்போனாள்.

வனாட்ஸோர் விளக்குகள் தெரிந்தபோது
குதிரையை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன்.
ஆமாம். ஜெயித்திருக்கலாம்.
வலித்தது.
வலிக்கட்டும் என்று விட்டுவிட்டு
வளைவு வருகிறதா என்று
சாலையைப் பார்த்தேன்.