நான்கு நிமிடம்

ஜனவரி முழுக்க எங்கள் டிராம்
பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் நான்கு நிமிடம் நின்றது.
சிக்னல் இல்லை, பழுது இல்லை, அறிவிப்பும் இல்லை.
ஓட்டுநர் இறங்குவாள்,
பனிமேட்டைத் தாண்டி மூலைப் பேக்கரிக்குள் போவாள்,
திரும்பும்போது கையில் எதுவும் இருக்காது.

காப்பி குடிக்கிறாள் என்றார் ஒருவர்.
சிநேகிதன் இருப்பான் என்றாள் ஊதாக் குல்லாய்க்காரி.
கம்பெனிக்குப் போன் செய்தவன் நான்தான்.
நாள் வாரியாக, நிமிடம் வாரியாக, எட்டு நாள் கணக்கு.
குறிப்பெடுப்பது என் தொழில்.

ரீகாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளம்.
ஆட்கள் என்னிடம் வருவதில்லை.
அரிசிமணி அளவு சதை வரும், கூடவே ஒரு தாள்.

பிப்ரவரியில் வந்த தாள்:
சர்மீதே. பெண். ஐம்பத்தொன்பது.
பதினோரு மாதமாக நீராய்ப் போகிறது,
பகலில் ஒன்பது தடவை, இரவில் இரண்டு.
ரத்தம் இல்லை. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது.

கீழே டாக்டர் க்ரௌலிஸ், பொடி எழுத்தில்,
தட்டிப் பார்த்த கதவுகள்:
தைராய்டு இல்லை.
கோதுமையும் கம்பும் ஆகாத நோயா, அதுவும் இல்லை
(ஆனாலும் ரொட்டியைத் தொடப் பயப்படுகிறாள்).
ஏரித் தண்ணீரில் வரும் ஒட்டுண்ணியை
மூன்று முறை தேடி மூன்று முறையும் காணவில்லை.
பாலை நிறுத்தி ஒரு மாதம்.
சர்க்கரையில்லாத சூயிங்கம், அதையும் நிறுத்தி ஒரு மாதம்.
பித்தப்பை இருந்த இடத்தில் இருக்கிறது.
"மனக்கவலையோ?" என்று ஒரு வரி,
எழுதியவரே அடித்துவிட்டிருந்தார்.
கடைசியில் காமிரா:
பெருங்குடல் கடைசிவரை சுத்தம். ஒரு குறையுமில்லை.

குறையில்லை என்று எழுதிய பிறகும்
ஏழு இடத்தில் கிள்ளி அனுப்பிய
அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

ரூதா சாயமேற்றிக் கொண்டுவந்தாள்.
லென்ஸுக்கு அடியில், மேல்தோலை ஒட்டி,
ஒரு நீல நாடா.
இருக்க வேண்டிய தடிமன் மூன்று மைக்ரான்,
இருந்தது இருபத்திரண்டு.
மார்ச்சில் தௌகவா ஆற்றின் மேல்
பனிப்பாளம் கிடக்குமே, அப்படி.
உள்ளே போக வேண்டிய தண்ணீர்
வழியில்லாமல் தன் வழி பார்த்துக்கொண்டிருக்கிறது.
கண்ணுக்கு அழகாயிருந்தது. வெட்கமாயுமிருந்தது,
இன்னொருத்தியின் அவஸ்தை எனக்கு அழகாயிருப்பது.

டாக்டரைக் கூப்பிட்டேன்.
வலி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா?
காகிதம் புரளும் சத்தம்.
முட்டிக்கு, இரண்டு வருஷமாக, தினம் மூன்று.
முட்டி வேறு டாக்டருடையது,
வேறு கோப்பு, வேறு மாடி.
நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.
கேட்காவிட்டால் குடலுக்குள்ளேயே வேலை செய்கிற ஸ்டீராய்டு.
சரியாகிவிடும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வைப்பதற்கு முன்னால், சும்மா பேச்சுக்கு,
"பாவம், விடுப்பும் எடுக்க மாட்டேன் என்கிறாள்.
டிராம் ஓட்டுகிறவள்.
யாரோ புகார் கொடுத்துவிட்டானாம்."

இந்த ஊரில் எத்தனை டிராம்,
எத்தனை பெண்கள் அந்தக் கண்ணாடிக் கூண்டுகளில்.
அன்று மாலை வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.
அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது
பேனா நன்றாகத்தான் எழுதியது.

மார்ச்சில் எங்கள் டிராமுக்குப் புதுப் பையன்.
நேரம் தவறுவதில்லை. பாலத்துக்கு முன்னால்
கதவு திறக்கும், மூடும், அவ்வளவுதான்.
ஊதாக் குல்லாய்க்காரி ஒன்றும் கேட்கவில்லை.
நான் இறங்கிக்கொண்டேன்.

பேக்கரியில் வரிசை நீளம்.
என் முறை வந்ததும் என்ன கேட்பதென்று தெரியாமல்
கழிப்பறை இருக்கிறதா என்றேன்.
மாவுக் கையோடு அந்த அம்மாள்
சுவரிலிருந்து சாவியை எடுத்தாள்.
தொலைந்துவிடாமலிருக்க மரக்கரண்டியில் கட்டியிருந்தது,
காம்பு தேய்ந்து வழுவழுத்திருந்தது.

"நீங்களும் டிராமா?" என்றாள்.