மூன்றே முக்கால் கிலோ

போச்சம்பள்ளிச் சந்தையில்
பதினோரு மணி வெயிலைக்
குடித்துக் கிடந்தன இரும்புச் சட்டிகள்.
விரலால் சுண்டிப் பார்த்தேன்.
ஒன்று தகரம்போல் கலகலத்தது.
இன்னொன்று
‘ம்’ என்றது, அவ்வளவுதான்.
அதையே கேட்டேன்.

“ஒத்தக் கையில தூக்கணுமே, ஆவுமா?”
என்றார் முனிரத்தினம்.
தூக்கிக் காட்டினேன், இடக்கையால்.
வலக்கையில் இன்னும் மாவுக்கட்டு.
எப்படி என்று கேட்காமல்
நூறு ரூபாய் குறைத்தார்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில்
லக்கேஜ் போடச் சொன்னார் கண்டக்டர்.
மடியிலேயே வைத்துக்கொண்டேன்.
காவேரிப்பட்டணம் வேகத்தடையில்
பஸ்ஸே துள்ளி விழுந்தது,
என்னைத் தவிர.

இரவு. கதவுக்குப் புதுப் பூட்டு.
சட்டி நிறையக் கஞ்சித் தண்ணீர்
கருத்துக்கொண்டிருக்கிறது.
நாளைக்கு முதல் முட்டை ஒட்டும்.
ஒட்டட்டும்.
சுரண்டித் தின்பேன்.