கான்டெஸாவுக்கு எட்டு சிலிண்டர்

மேட்டுப்பாளையம் லாரி முனையத்துக்குப் பின்னால்
சவரிராயன் ஷெட்டில்
சங்கிலியில் தொங்கியது அது.
கறிக்கடையில் தொங்குவது மாதிரி இருக்கிறது என்றாள் தில்லைநாயகி.
எனக்கோ
உற்சவர் தேரில் ஏறுகிற நேரம்போல் இருந்தது.

எட்டு சிலிண்டர். இருநூற்றைம்பது குதிரை.
எந்த நாட்டிலோ மோதி நசுங்கிய
ஒரு சொகுசுக் காரின் வயிற்றிலிருந்து
கப்பலேறிப் புதுப்பேட்டை வழியாக வந்தது.
பழையதில் எண்பத்தைந்து.
அதிலும் இருபது எப்போதோ ஓடிப்போயிருக்கும்,
மிச்சம் நொண்டி என்றான் சவரி.

ஒரு மாதம் தூக்கமில்லை.
வங்கியில் அடகுச் சீட்டு எழுதும்போது
கிராம் போடவேண்டிய கட்டத்தில்
இருநூற்றைம்பது என்று எழுதிவிட்டு
அடித்தேன், கையெழுத்துப் போட்டேன்.
வளையல் கொண்டுவந்த அம்மாள்
அடிப்பதற்கு முன் ஒரு நொடி
சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

ஸ்பேர்ஸ் கடை பக்கிரிசாமிதான் முதலில் ஊதினார்:
"குருவி தலையில பனங்காய்."
குருவியா? பதினைந்தடி நீளம் சார்,
முகத்தைப் பாருங்கள், காளை.
"காளைதான். முட்டி தாங்குமா?"
அன்றிரவு கனவில்
நாலு சக்கரமும் வெவ்வேறு தெருவில் போயின.
ஒன்று மட்டும் மிஷன் வீதியில்
ஒருவழிப் பாதையை மதித்துத் திரும்பியது.

விடியற்காலை நாலரை.
முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பாலம்,
வேகத்தடை, வேகத்தடை,
தவளக்குப்பத்தில் ஒரு நாய்,
அதற்கப்புறம்
பின்னால் சிவப்புத் துணி கட்டிய கரும்பு டிராக்டர்.
அதற்கு முப்பத்தைந்து குதிரை இருக்கும்.
என் இருநூற்றைம்பதும்
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
சோகை உதிர உதிரப்
பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையில் நடந்தன.

கிருமாம்பாக்கம் தாண்டி வழி விட்டான்.

மிதித்தேன்.

சத்தம் காதில் கேட்கவில்லை, விலாவில் கேட்டது.
இடப்பக்கக் கண்ணாடி தானாக இறங்கியது.
டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார்
என் மடியில் விழுந்தார்.
புளியமரங்கள் ஒன்றாய் ஒட்டிச் சுவராயின.
நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது
வாய்க்குள் பூச்சி போனபோதுதான் தெரிந்தது.

முள்ளோடை சோதனைச் சாவடி.
எல்லோருக்கும் சொல்லியாயிற்று,
கியர்பாக்ஸுக்கு, ரேடியேட்டருக்கு, தில்லைநாயகியின் தம்பிக்கு.
பிரேக்குக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
அது இன்னும் எண்பத்தைந்தை நிறுத்திப் பழகிய கால்.
தேய்ந்தது, கத்தியது, கெஞ்சியது,
இரும்புத் தடுப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

காவலர் மோந்து பார்த்தார்.
டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி, ஒரு துண்டு.
புதுச்சேரியிலிருந்து இந்த வேகத்தில் வருகிறவன்
பாட்டில் இல்லாமல் வரக்கூடாது என்பதுபோல்
ஸ்டெப்னியையும் தூக்கிப் பார்த்தார்.
"குடிக்காமலே இப்படியா?" என்றார்.
நிஜமாகவே வருத்தப்பட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி ஓடியது என்று கேட்டாள் தில்லைநாயகி.
ஒன்பது நொடி இருக்கும்.
நாலு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒன்பதால் வகுத்தாள், மனசிலேயே.
நொடிக்கு நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து.
மீதி ஐந்து ரூபாயை என்ன செய்தாய் என்றாள்.
வரும் வழியில் முப்பதில் வந்தேன் என்று
சொல்லவில்லை.
கால் நடுங்கியது, அதையும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளாகவே
வலக்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.
சாவியைத் திருப்பினாள்.
தெரு நாய்கள் எழுந்தன.
எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு.
ஸ்டியரிங்கில் வைத்த அவள் உள்ளங்கை
மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"பிரேக்குக்கு எவ்வளவு கேட்கிறான்?"
சொன்னேன்.
அவள் எஞ்சினை அணைக்கவில்லை.