இழுத்தால் புதுப்பிக்கும்

கல்முனையில் ஏறும்போதே எனக்கு இருக்கை கிடைத்துவிட்டது.
அவளுக்கு இல்லை.
ஒரு கை மேலே கம்பியில்,
மறு கையில் போன்,
அது சரியாக என் கண் மட்டத்தில்.
அடுத்தவர் திரையைப் பார்ப்பது பிழை.
எனக்கோ அதுதான் தொழில்.

கல்லடியில் ஒரு மாடி அறையிலிருந்து
நான் உலாவி செய்கிறேன்.
முழுதாக அல்ல,
விரல் பட்டால் என்ன நடக்கவேண்டும் என்கிற
ஒரு மூலையை மட்டும்.
முகவரிப் பட்டியை மேலிருந்து கீழே இறக்கியவர்களில்
நானும் ஒருத்தி.
பெருவிரல் எட்டாத இடத்தில் எதையும் வைக்காதே:
என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் வாக்கியம்.

அவள் பெருவிரல் எட்டிக்கொண்டுதான் இருந்தது.
தண்ணீர் இணைப்புக்கு விண்ணப்பம்,
பதினாலு கட்டங்கள்.
முழுப்பெயர்க் கட்டத்தில்
தங்கவடிவேல் சுகிர் வரை தெரிந்தது,
மிச்சம் விளிம்புக்கு அப்பால் போய்விட்டது.
பெரியகல்லாற்றுப் பாலத்தில் அடையாள அட்டை இலக்கம்.
ஓந்தாச்சிமடத்தில் கிராம சேவகர் பிரிவு,
அந்தப் பட்டியல் முடிவதற்குள்
ரெண்டு தரிப்பிடம் கழிந்தது.
களுவாஞ்சிக்குடியில் சனம் ஏறி நெரிக்க,
கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்த போட்டோக்கொப்பியை
அண்ணாந்து பார்த்துப் பார்த்து
உறுதி இலக்கம், ஒவ்வோர் எண்ணாக.

செட்டிபாளையத்தில் பதின்மூன்றாவது கட்டம்.
மேலே எழுதியதை ஒருக்கால் சரிபார்க்க நினைத்தாள் போல,
பக்கத்தை இழுத்தாள்.
பஸ்ஸும் அந்த நேரம் பள்ளத்தில் இறங்கியது.
திரையின் உச்சியில் சின்ன வட்டமொன்று
தோன்றிச் சுழன்றது.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும்.
அதன் நீலம் நான் தெரிந்தெடுத்தது.
முதலில் தொண்ணூறு புள்ளி இழுத்தால்தான் வரும்.
பாரமாக இருக்கிறது என்றார்கள்,
அறுபதாக்கினேன்.
போன பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை,
தேத்தண்ணி ஆற முதல் முடிந்த வேலை.

பதினாலும் வெள்ளை.

அவள் சத்தம் போடவில்லை.
திரையைப் பார்த்தாள்,
மறுகா என்னைப் பார்த்தாள்,
நான் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கவேண்டும்,
சிரித்தாள்.
"எண்ட பிழதான் கா.
எனக்கு இந்தப் போன் பாவிக்கத் தெரியா."

ஏழு வருஷமாக இதைக் கேட்கிறேன்.
மருந்துக் கடையில், ஐஸ் வாடியில், பாங்கு வரிசையில்,
யாரிடம் எதைக் கொடுத்துச் சோதித்தாலும்
உடைவது கண்ணாடிக்குள்,
மன்னிப்புக் கேட்பது வெளியே நிற்கிற ஆள்.
நிலை தலையில் இடித்தால்
மேசனை ஏழு தலைமுறைக்கும் ஏசுகிற ஊர் இது.
இந்தக் கையளவு பொருளுக்கு முன்னால் மட்டும்
எல்லாரும் குற்றவாளிகள்.

இல்லை, பிழை என்னுடையது என்று
சொல்லியிருக்கலாம்.
என்னவென்று விளங்கப்படுத்துவது, அந்த நெரிசலில்?
"இருங்க" என்று எழும்பி இடம் விட்டேன்.
நல்ல மனம் என்று நினைத்திருப்பாள்.

ரெண்டு கையாலும் தொடங்கினாள், முதலிலிருந்து.
காத்தான்குடி ஈச்சமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.
இப்போது கம்பியில் நான்,
கீழே அவள் திரை.
அவள் விரல் கீழ்நோக்கி வழுக்கும் ஒவ்வொரு தடவையும்
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
கல்லடியில் இறங்கிவிட்டேன்.
அவள் பாலம் தாண்டிப் போனாள்,
எத்தனையாவது கட்டத்தோடு என்று தெரியாது.

இரவு எழுதி அனுப்பினேன்:
படிவத்தில் ஓர் எழுத்தாவது விழுந்திருந்தால்
இழுத்தவுடன் புதுப்பிக்காதே. கேள்.
எத்தனை பேரிடம் சோதித்தாய் என்றார்கள்.
ஒருவர்.
எந்தச் சூழலில்?
பஸ். நின்றபடி. ஒற்றைக் கை.
ஒருவர் போதாது,
அடுத்த மாதம் பார்க்கலாம்.

அறிக்கையில், பங்கேற்றவர் பெயர் என்றொரு கட்டம்.
தங்கவடிவேல் சுகிர்
என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.
சுகிர்தமலரா, சுகிர்தவதியா,
எனக்குத் தெரியாது.
எங்கள் கட்டத்தில்
இன்னும் இருபது எழுத்துக்கு இடம் கிடந்தது.