பொருள் எண் ஒன்பது

புதுவயல் பேரூராட்சி மன்றக் கூடத்தில்
மின்விசிறி மூன்று, ஓடுவது ஒன்று.
அதற்குக் கீழே தலைவர்.
காற்று வந்து சேராத மூலையில்
தீர்மானப் புத்தகத்தோடு நான், இளநிலை உதவியாளர்.

பொருள் எண் எட்டு:
அறந்தாங்கி சாலையில் மில் லாரிகள்
காலை எட்டு முதல் இரவு எட்டு வரை நிற்கத் தடை.
இரு சக்கர வாகனங்கள்
ஒற்றைப்படைத் தேதியில் கிழக்குப் பக்கம்,
இரட்டைப்படையில் மேற்கு.
மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்.

"முப்பத்தொண்ணு முடிஞ்சா ஒண்ணு.
ரெண்டும் ஒத்தைப்படை.
ரெண்டு நாளும் கிழக்குக் கடைக்காரனேவா சாகணும்?"
மூன்றாம் வார்டு சிக்கந்தர் கேட்டது.
இதற்கே இருபது நிமிடம்.
தேனம்மை ஆச்சி மருந்துக்கடை வாசலுக்கு விலக்குக் கேட்டார்.
மில்லில் பங்கு உள்ள அரியமுத்து எழுந்து
"நெல்லு மூட்டைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமாய்யா?" என்றார்.
சிரித்தோம்.
எட்டை ஒன்பதாக்கினார்கள்,
ஒன்பதைத் திரும்ப எட்டரையாக்கினார்கள்.
நான் அடித்து எழுதினேன்,
எழுதியதை அடித்தேன்.
ஜன்னல் வழியே மில்லின் உமிக்கரி வந்து
ஈர எழுத்தின் மேல் உட்கார்ந்தது.
துடைத்தால் கோடாக இழுபடும்.
இந்த ஊர்க்காரிக்குத் தெரியும், விட்டுவிட வேண்டும்.

பலகை எத்தனை, நீலமா சிவப்பா,
பெயிண்டர் யாருடைய மச்சான்:
எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம்.

பொருள் எண் ஒன்பது வந்தபோது
போண்டாவும் வந்தது.

குபேரா கார்டன், ஃபேஸ் டூ.
ஃபேஸ் ஒன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
நூற்றுப் பதினெட்டு மனை, முப்பதடிச் சாலை,
எதற்கும் உதவாத முக்கோணம் ஒன்று, பூங்காவுக்கு.
வரைபடத்தின் வடமேற்கில்
மெல்லிய கோடு ஒன்று
மனை நாற்பத்து மூன்றில் நுழைந்து
நாற்பத்தேழில் வெளியே வருகிறது.
நரியங்கண்மாய்க்குத் தண்ணீர் போகும் வரத்துக்கால்.
அசலில் நீலம்,
ஜெராக்ஸில் சாம்பல்.

"ஆட்சேபணை யாருக்காச்சும்?"
சட்னி நன்றாக இருந்தது.
மெஹருன்னிசா மட்டும்
வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டார்:
"அப்ப தண்ணி எந்தப் பக்கம் போகும்?"
குழாய் போட்டுருவாங்க, என்றது ஒரு குரல்.
எத்தனை அடிக் குழாய் என்று அவர் தொடங்க,
"டீ ஆறுதும்மா" என்றார் அரியமுத்து.

நான்கு நிமிடம்.

ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.
நான் நினைக்காமலே என் கை எழுதும் வாக்கியம்.
இன்று 'ஒரு'வுக்கும் 'மன'துக்கும் நடுவே
பேனா நின்றது.

மனை நாற்பத்தாறு என்னுடையது.
சீட்டைத் தள்ளி எடுத்து, வளையல் இரண்டை அடகு வைத்து
அட்வான்ஸ் ஒரு லட்சத்து முப்பதாயிரம்.
போன சனிக்கிழமை மகனோடு போய்ப் பார்த்தேன்.
மஞ்சள் அடித்த கல்.
கல்லடியில் வெளுத்த நத்தைக் கூடுகள்.
நாலைந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டான்,
"தண்ணியே இல்ல, நத்தை எப்படிம்மா வந்துச்சு?"
பார்வைக்கும் முடிவுக்கும் வைத்திருக்கலாம் அதை.

மெஹருன்னிசா கேட்டதை நான் எழுதவில்லை.
படிவத்தில் கேள்விக்கு இடம் கிடையாது
என்று சொல்லிக்கொண்டேன்.
இடம் இருந்தது.
அரைப் பக்கம்.

வெளியே என் ஸ்கூட்டியை மறித்து ஒரு நெல் லாரி.
க்ளீனர் பையன் இறங்கி வந்தான்.
"தடை போட்டாச்சாமே அக்கா.
இனி நாங்க எங்கே நிறுத்துறது?"

கண்மாய்ப் பக்கம் கை காட்டினேன்.
"அங்கே காலியாத்தான் கிடக்கு.
ஐப்பசி வரைக்கும் நிறுத்தலாம்."

"அதுக்கப்புறம்?"

கிக்கரை உதைத்தேன்.
ஸ்டார்ட் ஆகவில்லை.