நடுக்கோடு

இருமல் என்றுதான் போனேன்.
ஜனவரி. பூடோவில் காலை பதினொன்றுக்குத்தான்
விடியலாமா என்று யோசிக்கிறது.
மார்பெலும்புக்குப் பின்னால்
முட்டி அளவு நிழல்.

"கர்ப்பிணிக்கு ஏறும் ஹார்மோன்
உங்களுக்கு ஏறியிருக்கிறது, யோஸ்டைன்"
என்றார் டாக்டர் ரன்வைக்.
படகுக்காரன் ஓட்வாரிடம் சொன்னேன்.
"எத்தனையாவது மாசம்?" என்று சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

விரையில் வரவேண்டிய கட்டியாம்.
குளிர்ந்த களிம்பைத் தடவி
என் கண்ணைத் தவிர எல்லாவற்றையும்
பார்த்தான் ஒரு பயிற்சி மருத்துவன்.
அங்கே ஒன்றுமில்லை.

ரன்வைக் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்.
கருவுக்கு நான்கு வாரம்.
ஆணில்லை, பெண்ணில்லை.
வித்தணுக்கள் வெளியே, மஞ்சட்பையில்.
அங்கிருந்து நடை: குடலோரமாக,
உடம்பின் நடுக்கோட்டை ஒட்டி,
இன்னும் கட்டி முடியாத ஒரு வீட்டை நோக்கி.
"சில வழி தப்பும். தப்பியவை சாகும்.
சாக மறந்தவையும் இருக்கலாம்."

சிலருக்கு விரையிலேயே தொடங்கி,
மேலே ஒரு துளியை அனுப்பிவிட்டுத்
தான் எரிந்து தழும்பாகிவிடுமாம்.
எனக்குத் தழும்பும் இல்லை.
வழி தப்பவேயில்லை, ஏதோ வேலையாகத்தான்
நெஞ்சில் தங்கின என்பாரும் உண்டாம்.
"இதில் எது?"
பேனாவை மூடினார்.
"தெரியாது."

பதினாறு வயதிலிருந்து கடலில் இருக்கிறேன்.
வடக்கேயிருந்து லோஃபோட்டனுக்குச்
சினைபோட வரும் காட் மீன்.
எங்கும் போகாமல் ஃபியோர்டிலேயே
கிடக்கும் காட் மீனும் உண்டு.
சோம்பேறி என்பான் ஓட்வார்.
அது வேறு கூட்டம் என்பார்கள் ஆய்வகத்தில்.
மீனை யாரும் கேட்டதில்லை.

மருந்துக்கு முந்தின நாள்
பிளாஸ்டிக் கிண்ணத்தோடு
ஓர் அறைக்கு அனுப்பினார்கள்.
சுவரில் பாய்மரக் கப்பல் படம்.
ஊர் போய்ச் சேர்ந்தவற்றின் வாரிசுகளுக்கு
நைட்ரஜன் குளிர், பெயரெழுதிய குப்பி.
சேராதவற்றுக்குப்
பிளாட்டினம், சொட்டுச் சொட்டாக.

இரண்டாம் சுற்றில் முடி போனது.
நான் இல்லாமலே படகு போனது.
என் பங்கு உண்டு என்று எழுதியிருந்தான்.

மார்ச்சில் ஓட்வார் வந்தான்,
டப்பா நிறைய அவித்த சினை.
வாசனையே குமட்டியது.
மூடச் சொன்னேன்.
கடலைப் பற்றி அவன் பேசிக்கொண்டே இருந்தான்.
கொஞ்ச நேரம் கழித்து
திறக்கச் சொன்னேன்.