சமுகமளித்தோர்: ஒருவர்

கொம்பனித்தெருவில் எனக்கொரு கொம்பனி.
சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும்.
பள்ளிவாசலுக்குப் பின்னால், மாடியில்,
பத்துக்குப் பத்து அறை.
ஜன்னலைத் திறந்தால் புதிதாய் எழுந்த கோபுரமொன்று
காலை வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு நிற்கும்.

பல் வைத்தியர்களின் நாற்காலி திருத்துவது தொழில்.
ஏறாததை ஏற்றுவேன், இறங்காததை இறக்குவேன்.
பங்கு நூறு. நூறும் என் பெயரில்,
மெரிட்டா அந்தோனிப்பிள்ளை.
பணிப்பாளர், தொழிலாளி, கோப்பை கழுவுகிறவள்:
எல்லாப் பதவிக்கும் ஒருத்தியே விண்ணப்பித்தாள்.

முதல் இரண்டு வருடம்
வந்த காசு நேரே கைப்பைக்குள் போகும்.
தெஹிவளைக் கிளினிக் தந்த தாளில்
வழியிலேயே பாரைமீன் வாங்கினேன்,
மகனுக்குச் சப்பாத்து.
மிச்சத்தை அறை வாடகைக்கு வைத்தேன்.

கணக்காளர் நுஸ்கியா, என்னைவிடப் பத்து வயது குறைவு,
பற்றுச்சீட்டுகளைப் பரப்பி வைத்துக் கேட்டாள்:
"இந்த மீன் யாருடையது, மிஸ்?"
என்னுடையது.
"காசு?"
அதுவும் என்னுடையதுதானே.
"இல்லை. அது கொம்பனியுடையது.
கொம்பனி மீன் சாப்பிடாது.
அது உங்களுக்குத் தருவதென்றால்
பெயர் வைத்துத் தரவேண்டும்.
சம்பளமா, பங்கிலாபமா, கடனா?
பெயரில்லாமல் கை மாறினால்
இறைவரிக்காரர் ஒரு பெயர் வைப்பார்கள்.
அது உங்களுக்குப் பிடிக்காது."

ஆகவே கூட்டம் கூட்டினேன்.
சமுகமளித்தோர்: ஒருவர்.
'கோரம்' இருக்கிறதென்று எழுதச் சொன்னாள்,
தமிழில் அது என்ன சொல் என்று யோசிக்காமல்.
எழுதினேன். கோரமாகத்தான் இருந்தது:
ஒரு மேசை, ஒரு நாற்காலி,
சம்பளம் கேட்கிறவளும் மறுக்கிறவளும்
ஒரே தேநீரைக் குடித்துக்கொண்டு.

எண்பதாயிரம் கேட்டேன்.
வரவு காணாது என்றேன்.
அறுபதுக்கு இறங்கினேன்.
ஏகமனதாக நிறைவேறியது.

அதிலும் முழுதாகக் கை சேரவில்லை.
சேமலாப நிதிக்கு என்னிடம் எட்டு வீதம் பிடித்து
கொம்பனி தன் பங்காகப் பன்னிரண்டு போட்டது.
என் முதுமையைப் பற்றி
என்னைவிட அதற்கு நாலு வீதம் கவலை கூட.

இன்னொன்று.
பெற்றோல் வரிசை நீண்டு கிடந்த வருடம்
இரண்டு காப்பை விற்று அறை வாடகை கட்டினேன்.
நுஸ்கியா அதையும் தேடிப் பிடித்துப் பதிந்துவிட்டாள்:
'பணிப்பாளரிடம் பெற்ற கடன்.'
ஒரே வரியில் முடிந்துவிட்டது தங்கம்.
"இதைத் திருப்பி எடுக்கும்போது வரி இல்லை" என்றாள்.
முதன்முறையாக அவள் வாயிலிருந்து
'இல்லை' இனித்தது.

பிறகு வேன் வாங்க வங்கிக்குப் போனேன்.
தினுஷ என்ற இளம் அதிகாரி, தடக்கித் தடக்கித் தமிழில்:
"சம்பளச் சீட்டு இருக்கு. சரி.
வேலை தாறவர் கடிதம் வேணும்.
நீங்க எப்படி ஆள் என்று."

அன்றிரவு அதை எழுத உட்கார்ந்தேன்.
'இவர் எமது நிறுவனத்தில்
ஐந்து வருடமாகக் கடமையாற்றுகிறார்.
வேலையில் கெட்டிக்காரர்.
லீவு கேட்டதில்லை' (கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டேன்,
அதை எழுதவில்லை.)
'பண விடயத்தில் இவர்'
என்பதோடு பேனை நின்றது.

பாரைமீன் நினைவுக்கு வந்தது.
பாதி பொரியல், பாதி சொதி.
மகன் தலையைக் கேட்டு வாங்கி உறிஞ்சியது.
யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும், எனக்கு மேலே உள்ளவளுக்கும் தெரியும்.

கடைசியில் எழுதினேன்:
'பண விடயத்தில் இவர்
அண்மைக்காலமாக நம்பத்தகுந்தவர்.'

தினுஷ வாசித்தான். சிரிக்கவில்லை.
விண்ணப்பத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
விரலால் இரண்டையும் தொட்டான்.
"கையெழுத்து ஒன்று மாதிரி இல்லையே, மிஸ்."

பார்த்தேன். உண்மைதான்.
வாங்குகிறவள் சின்னதாக, கோட்டுக்கு உள்ளே போட்டிருந்தாள்.
கொடுக்கிறவள் கோட்டைத் தாண்டி ஒரு வால் இழுத்திருந்தாள்.

எந்தக் கையெழுத்தைத் திருத்துவது?
அந்நேரம் கைபேசி அடித்தது.
வெள்ளவத்தையில் ஒரு நாற்காலி
பாதியில் நின்றுவிட்டதாம்,
வாய் திறந்தபடி ஒருவர்
மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல்.

வருகிறேன், பத்து நிமிடம், என்றேன்.
கட்டணம் கொம்பனிக் கணக்குக்கு.